வேர்க்குருவுக்குப் பவுடர் வேண்டாம்

மதுரைச் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் பார்க்கிற பிள்ளைகளின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. பாவமாக இருக்கிறது. தயவுசெய்து அதன் மேல் பவுடரை அப்பாதீர்கள். வியர்வைக் குழாய்கள் அடைபடுவதால்தான் வேர்க்குருவே வருகிறது. பவுடர் வியர்வையோடு குழைந்து இன்னும் அடைத்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டி, ஈரத்தை ஒற்றியெடுத்து, தளர்வான பருத்திச் சட்டை போடுங்கள். பெரியவர்களுக்கு நம்ம சுங்குடிச் சேலை இருக்கவே இருக்கிறது.

அப்புறம், முகத்தில் எலுமிச்சைச் சாறு தடவிக்கொண்டு வெளியே போகாதீர்கள். அந்தச் சாறும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்து கொப்புளிக்கலாம், கறுப்புத் திட்டு மாதக்கணக்கில் நிற்கும். சன்ஸ்கிரீன் என்றால் எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 30-க்குக் குறையாமல் வாங்கி, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். மாசி வீதிகளில் தரையில் கடை போட்டிருக்கும் அக்காக்களிடமும் யாராவது இதைச் சொல்லுங்கள், பகல் முழுக்க வெயில் அவர்கள் மேல்தான் விழுகிறது.