கால்கரியில் பிக்கப் வண்டிக்கு ஒரு மூடி

கனடாவின் கால்கரியில் ஒரு தமிழர் பின்னால் திறந்த தொட்டியுள்ள பிக்கப் வண்டி வாங்கிவிட்டால், வண்டி வீட்டு வாசலுக்கு வருவதற்குள் செய்தி ஊர் முழுக்கப் போய்விடும். மாதக் கடைசியில் வீடு மாறுகிறவர்கள், கிஜிஜி என்கிற விளம்பரத் தளத்தில் பழைய சோபா பிடித்தவர்கள், புதிதாக வந்திறங்கி மெத்தை வாங்கப் போகிறவர்கள் என்று போன் அடிக்கத் தொடங்கும். நான் வாங்கியது வேலைக்காக. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் சுடுநீர்த் தொட்டியும் பொருத்துகிற சிறிய நிறுவனம் ஒன்றில் இருக்கிறேன். கருவிகளைப் பின்னால் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும். ஆனால் சனி, ஞாயிறில் வண்டி பொதுச் சொத்து. பின்தொட்டிக்கு மூடி தேடத் தொடங்கியதும் இந்த இரண்டு உபயோகமும் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றன. கருவிகளுக்குப் பூட்டு வேண்டும். சோபாவுக்கு மேலே எதுவுமே இருக்கக் கூடாது.

மூடியே இல்லாமல் ஓட்டினால் என்ன என்று கேட்கலாம். பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். எங்களைப் போல பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு அது சரிவராது. கராஜ் மேல்வீட்டு உரிமையாளருடையது. எங்கள் வண்டி இரவெல்லாம் தெருவில். கருவிப் பெட்டிகளைத் தினமும் படியிறக்கி உள்ளே வைத்து, காலையில் மறுபடி ஏற்றுவது இடுப்புக்கு ஆகாது. அப்புறம் குளிர்காலம். திறந்த தொட்டியில் விழுகிற பனி உருகி, இறுகி, அடியில் ஒரு பாளமாகப் படிந்துவிடும். சறுக்காமல் இருக்கப் பின்சக்கரங்களுக்கு மேலே பாரத்துக்காகப் போடுகிற மணல் மூட்டைகள்கூட அதில் ஒட்டிக்கொண்டு வசந்தம் வரை எழுந்து வராது.

முதலில் அளவு. கனடாவில் பெட்ரோல் லிட்டரில், சாலை கிலோமீட்டரில். பிக்கப் தொட்டி மட்டும் இன்னும் அடிக்கணக்கில்தான். என்னுடையது ஃபோர்டு எஃப்-150, 5.5 அடித் தொட்டி. பெயருக்குத்தான் 5.5 அடி, உள்ளே அளந்தால் 67 அங்குலம், அதாவது ஐந்தடி ஏழங்குலம். அதனால் பெயரை நம்பி வாங்கக் கூடாது. கேபினை ஒட்டிய முன்சுவரின் உட்புறத்திலிருந்து, மூடிய டெயில்கேட்டின் (தொட்டியின் பின்கதவு) உட்புறம் வரை டேப்பை வைத்து அளக்க வேண்டும். அதே கம்பெனி, அதே அடி என்றாலும் தலைமுறை மாறினால் பொருந்தாது. எஃப்-150க்கு 2015 முதல் 2020 வரை ஒன்று, 2021 முதல் வேறொன்று என்றுதான் பெரும்பாலும் விற்கிறார்கள். 2015 முதல் இந்த வண்டியின் உடல் அலுமினியம் என்பதால், காந்தத்தால் ஒட்டுகிற மலிவு சமாச்சாரங்கள் எதுவும் நிற்காது. ராம் வண்டியில் பக்கச் சுவருக்குள்ளேயே பெட்டி வைத்த வகை இருந்தால் அதற்குத் தனி மூடி. தொட்டிக்குக் குறுக்கே கருவிப் பெட்டி பொருத்தியிருந்தால் அதற்கும் தனி.

விலை குறைந்தது வினைல் உருட்டு மூடி. தடித்த வினைல் துணி, அதைத் தாங்கக் குறுக்கே அலுமினியச் சட்டங்கள், ஓரங்களில் வெல்க்ரோ. சில நூறு டாலரில் முடிந்துவிடும். சுருட்டி கேபின் பக்கம் கட்டிவிட்டால் தொட்டி முழுக்கத் திறந்துவிடும், குளிர்பதனப் பெட்டியை நிமிர்த்தியே வைக்கலாம். இதையே வாங்கிவிடலாம் என்று இருந்தேன். கூட வேலை செய்கிற யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர், இருபது வருடத்துக்கு மேல் இந்த ஊரில் இருப்பவர், படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“தம்பி, உது வெயில் ஊருக்குச் சரி. இஞ்ச சனவரியில ஒருக்கா உருட்டிப் பாருங்கோ, விளங்கும்.”

அவர் தன் பழைய வண்டியில் அதைத்தான் வைத்திருந்தாராம். குளிரில் வினைல் சுருங்கும், விறைக்கும். கோடையில் இழுத்துப் பொருத்திய மூடியை மைனஸ் இருபத்தைந்தில் திறந்தால், திரும்ப மூடும்போது வெல்க்ரோ விளிம்பை எட்டாது. ஓரம் அப்பளமாக நிற்கும். பலவந்தமாக மடித்தால் வெடிக்கும். குளிர் தொடங்கும் முன் இழுவையைத் தளர்த்தி வைக்க வேண்டும், இல்லையென்றால் குளிர்காலம் முழுக்கத் திறக்காமலே இருக்க வேண்டும். ஃபர்னஸ் வேலையில் இருப்பவனுக்குக் குளிர்காலம்தான் தொழில். தவிர, துணியைக் கத்தியால் கீறினால் பூட்டுக்கு என்ன மரியாதை?

அடுத்து, ஒரே பலகையாக இருக்கிற ஃபைபர்கிளாஸ் மூடி. வண்டியின் நிறத்திலேயே பெயின்ட் அடித்து, பார்க்கவே கம்பீரமாக இருக்கும். பூட்டும் பலமானது. ஆனால் பின்பக்கம் மட்டும் தூக்குகிற அமைப்பு. உயரமான எந்தப் பொருளும் உள்ளே போகாது. முழுதாகக் கழற்ற இரண்டு பேர் வேண்டும், கழற்றிய பலகையைச் சாய்த்து வைக்க ஒரு கராஜ் வேண்டும். பேஸ்மென்ட்வாசிக்கு இது கதைக்கு உதவாது. அதையும்விட உயரமான கூண்டு மாதிரி வைக்கிற கேனபியும் அப்படியே.

எனக்கு ஆசை இருந்தது உள்ளிழுக்கும் வகையில். அலுமினியப் பட்டைகள் கடை ஷட்டர் போலத் தண்டவாளத்தில் ஓடி, கேபினுக்குப் பின்னால் ஒரு பெட்டிக்குள் சுருண்டுகொள்ளும். பாதியில் நிறுத்தியும் பூட்டலாம். விலை இரண்டாயிரம் டாலருக்கு மேல் போகும். அதையாவது தவணையில் சமாளிக்கலாம். என்னைத் தடுத்தது வேறு இரண்டு விஷயம். சுருள்கிற அந்தப் பெட்டி தொட்டியில் பத்து, பன்னிரண்டு அங்குலத்தைத் தின்றுவிடும். 67 அங்குலத்தில் அது ஆறில் ஒரு பங்கு. இரண்டாவது, சினூக்.

சினூக் என்பது ராக்கி மலைகளைத் தாண்டி இறங்கி வருகிற வெப்பக் காற்று. சில மணி நேரத்தில் வெப்பநிலையை இருபது டிகிரிக்கு மேல்கூடத் தூக்கிவிடும். ஜனவரி நடுவில் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு நடக்கலாம், மனதுக்கு அவ்வளவு நன்றாக இருக்கும். மூடிகளுக்கு அதுதான் எமன். மேலே கிடந்த பனி மதியம் உருகிப் பக்கத் தண்டவாளங்களுக்குள் இறங்கும். அங்கிருந்து மெல்லிய குழாய் வழியாக வண்டிக்கு அடியில் வடிய வேண்டும். காற்று ஓய்ந்ததும் இரவில் எல்லாம் உறைந்துவிடும். குழாய் அடைபடும், பட்டைகள் தண்டவாளத்தோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை உருகுகிற தண்ணீர் போக வழியில்லாமல் தொட்டிக்குள்ளேயே வழியும். எட்மன்டனில் தொடர்ந்து குளிராகவே இருப்பது இந்த ஒரு விஷயத்தில் பரவாயில்லை; ஒருமுறை பெய்த பனி பெரும்பாலும் அப்படியே கிடக்கும். இங்கே உருகி உறைந்து உருகி உறைந்து, நகரும் பாகம் எதுவானாலும் சோதனைதான்.

பனியின் எடையையும் கணக்குப் போட்டேன். என் தொட்டியின் மேற்பரப்பு சுமார் இரண்டரை சதுர மீட்டர். ஒரு கன மீட்டர் ஈரப்பனி 200 கிலோ என்று வைத்தால், 30 செ.மீ. பெய்தால் 150 கிலோ. வறண்ட புதுப்பனி என்றால் பாதியோ அதற்கும் குறைவோதான். மடிப்பு மூடிகளில் பல, எடை பரவலாக இருந்தால் 180 கிலோ வரை தாங்கும் என்று சொல்லி விற்கப்படுகின்றன. பரவலாக என்பதைக் கவனிக்க வேண்டும். மேலே ஏறி நிற்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

ஆலங்கட்டியையும் சொல்ல வேண்டும். 2020 ஜூன் 13 அன்று நகரத்தின் வடகிழக்கில் விழுந்த ஆலங்கட்டி மழையில் காப்பீட்டு இழப்பு மட்டும் நூறு கோடி டாலரைத் தாண்டியது. எங்களைப் போன்ற புதிய குடியேறிகள் நெருக்கமாக வாழ்கிற பகுதி அது. சுவரின் வினைல் பலகைகள் துப்பாக்கியால் சுட்டதுபோல் ஓட்டையான வீடுகளைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அலுமினிய மூடி அந்த மாதிரி மழையில் நிச்சயம் நசுங்கும். பொருத்திய மூடியைக் காப்பீட்டு முகவரிடம் சொல்லிப் பாலிசியில் சேர்க்கச் சொன்னேன். பின்னால் சேர்த்த பாகங்களுக்குச் சொல்லாமலே இழப்பீடு வரும் என்று எண்ணிவிடக் கூடாது.

எரிபொருள் மிச்சமாகும் என்கிற விளம்பரத்தை நான் பொருட்படுத்தவில்லை. டெயில்கேட் மூடியிருந்தால் திறந்த தொட்டிக்குள் காற்று ஒரு சுழலாகத் தங்கிவிடும், மேலே வருகிற காற்றில் பெரும்பகுதி அதன் முதுகில் வழுக்கிப் போய்விடும். மூடி போட்டு நெடுஞ்சாலையில் ஓட்டினால் கொஞ்சம் மிச்சமாகலாம். நகருக்குள் நின்று நின்று போகிற என் வண்டிக்கு அதெல்லாம் கணக்கில் வராது.

சரி, கடைசியில் வாங்கியது மூன்றாக மடிகிற கெட்டி மூடி. அலுமினியப் பலகை, உள்ளே நுரை, டெயில்கேட்டைப் பூட்டினால் மூடியும் பூட்டிக்கொள்கிற அமைப்பு. மடித்துக் கேபின் பக்கம் பட்டையால் கட்டிவிட்டால் தொட்டியில் பெரும்பகுதி திறந்துவிடும். முழுதாகக் கழற்ற வேண்டுமானால் கிளாம்ப்புகளைத் தளர்த்தி இரண்டு பேர் தூக்கினால் போதும், துளை போட்ட வேலை எதுவும் இல்லை. சோபா விவகாரம் அதோடு தீர்ந்தது. அமெரிக்கத் தளங்களில் இதே மூடி மலிவாகத் தெரிந்தது. அவர்கள் டாலரை நம் டாலராக்கி, அவ்வளவு பெரிய பார்சலுக்கு அனுப்புக் கூலியும் எல்லையில் கட்ட வேண்டியதும் சேர்த்தால் மலிவு கரைந்துவிடும். இங்கேயே வாங்கினேன். ஆல்பெர்ட்டாவில் மாகாண விற்பனை வரி கிடையாது, 5 சதவீத ஜிஎஸ்டி மட்டும். டொரொண்டோவில் இருக்கும் என் மைத்துனர் 13 சதவீதம் கட்டுகிறவர். இதைச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்.

பொருத்துவதற்குக் கோடை வரை பொறுக்க முடியாததால் மேல்வீட்டுக்காரரிடம் ஒரு மதியத்துக்குக் கராஜைக் கேட்டு வாங்கினேன். முன்சுவரில் ஒட்டுகிற ரப்பர் பட்டை குளிர்ந்த உலோகத்தில் பிடிக்காது. இடம் சுத்தமாகவும் காய்ந்தும் கதகதப்பாகவும் இருக்க வேண்டும். டெயில்கேட்டைச் சுற்றியிருக்கும் இடைவெளிக்குத் தனியாக ஒரு ரப்பர் பட்டை விற்கிறார்கள், மூடியோடு வராது. மண் சாலைகளில் ஓடும்போது மாவு போன்ற தூசி உள்ளே வருவது முக்கியமாக அந்த வழியாகத்தான். ரப்பர்களுக்கெல்லாம் குளிருக்கு முன் சிலிக்கோன் மசகு தடவினால் ஒன்றோடொன்று உறைந்து ஒட்டாது. ஒட்டிவிட்டால் இழுக்கக் கூடாது, கொதிநீர் ஊற்றவும் கூடாது. கையால் மெல்லத் தட்டி விடுவிக்க வேண்டும்.

முழுக்கத் தண்ணீர் புகாத மடிப்பு மூடியை நான் இதுவரை பார்க்கவில்லை. கார்வாஷில் பீய்ச்சினால் முன்பக்க இடது மூலையில் சில சொட்டு இறங்கத்தான் செய்கிறது. ரப்பரை இரண்டாவது முறை ஒட்டிப் பார்க்காமல், மின்கருவிகளை மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகளில் வைத்து வலது பக்கம் தள்ளிவிட்டேன். இடது மூலையில் இப்போது மணல் மூட்டை இருக்கிறது.