கடிதத் தலைப்பில் ஒரு பெயர்

2018 நவம்பரில், விஸ்கான்சின் மாநிலத் தலைநகரான மாடிசனில், ஓர் அரசுத் துறையில் ஒப்பந்த ஊழியனாகச் சேர்ந்தேன். மென்பொருள் வேலைதான். துறையின் பெயர் வேண்டாம், பின்னால் என் சொதப்பல் ஒன்று வருகிறது. அந்த மாதம்தான் தேர்தல் முடிந்திருந்தது. எட்டு வருடம் ஆளுநராக இருந்த குடியரசுக் கட்சியின் ஸ்காட் வாக்கரை ஜனநாயகக் கட்சியின் டோனி எவர்ஸ் சுமார் முப்பதாயிரம் வாக்கில் தோற்கடித்திருந்தார். எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. ஆளுநர் என்றால் குடியரசு தினத்தில் கொடியேற்றுகிறவர், பட்டமளிப்பு விழாவுக்கு அங்கி போட்டுக்கொண்டு வருகிறவர் என்ற நினைப்பிலேயே திருச்சியில் வளர்ந்தவன் நான்.

எனக்குக் கொடுத்த முதல் வேலை கடிதத் தலைப்பு. துறையிலிருந்து பொதுமக்களுக்குப் போகும் ஒவ்வொரு கடிதத்தின் மேலும் ஆளுநர் பெயரும் துறைச் செயலர் பெயரும் இருக்கும். ஜனவரி 7 பதவியேற்பு, அன்றிலிருந்து புதுப் பெயர் அச்சாக வேண்டும். ஒரே இடத்தில் மாற்றினால் போதும் என்று நினைத்து நிரலைத் திறந்தால், நூற்றுச் சொச்சம் டெம்ப்ளேட்டிலும் வாக்கர் பெயரைத் தனித்தனியாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். எட்டு வருடத்தில் அவர் மாறக்கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை போல.

"ஆளுநர் மாறினால் வேறு என்னவெல்லாம் மாறும்?" என்று மேலாளர் அம்மாவிடம் கேட்டேன். இருபத்தைந்து வருடம் அங்கேயே வேலை பார்த்தவர். "செயலர், துணைச் செயலர் எல்லாரும் மாறுவார்கள். சில சமயம் நம் சம்பளமும்" என்றார். மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு பழைய சம்பளச் சீட்டுகளை எடுத்துப் போட்டார். இரண்டும் 2011-இல் வந்தவை. ஒன்று 'ஆக்ட் 10' சட்டத்துக்கு முந்தையது, மற்றது பிந்தையது. ஓய்வூதியத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஊழியர்கள் தங்கள் பங்கைக் கட்ட வேண்டும், சங்கங்களின் பேரம் பேசும் உரிமையில் பெரும்பகுதி போய்விடும் என்று வாக்கர் கொண்டுவந்த சட்டம். பிடித்தம் கூடிய வரிகளைப் பச்சை மையால் வட்டமிட்டு வைத்திருந்தார். அந்தப் பிப்ரவரியில், சட்டமன்றம் கூடும் கேப்பிட்டல் கட்டடத்துக்குள், அதை எதிர்த்த கூட்டத்தோடு கூட்டமாக அவரும் நின்றிருக்கிறார். வாக்கெடுப்புக்கு வேண்டிய எண்ணிக்கை சேராமல் இருக்க, ஜனநாயகக் கட்சியின் 14 செனட்டர்கள் மாநில எல்லை தாண்டி இல்லினாய்க்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அப்படியும் சட்டம் நிறைவேறியது. 2012 ஜூனில் வாக்கரைத் திரும்ப அழைக்க, அதாவது பதவிக்காலம் முடியும் முன்பே இறக்கிவிட, தேர்தல் நடந்தது, அதிலும் அவரே ஜெயித்தார். அமெரிக்காவில் திரும்ப அழைக்கும் தேர்தலைத் தாண்டிப் பதவியில் நீடித்த முதல் ஆளுநர் அவர்தான்.

டிசம்பரில் நான் டெம்ப்ளேட்டுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, நாலு தெரு தள்ளிச் சட்டமன்றம் ராத்திரி முழுக்க விழித்திருந்து, பதவிக்கு வரப்போகிற எவர்ஸின் அதிகாரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. மாநிலம் ஒரு வழக்கிலிருந்து விலகுவதற்கும், மத்திய அரசிடம் விதிவிலக்கு கேட்பதற்கும் இனிச் சட்டமன்றத்தின் சம்மதம் வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். மருமகள் வருவதற்கு முன் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொள்ளும் மாமியார் மாதிரி. வாக்கர் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனார்.

சரி, என் சொதப்பலுக்கு வருகிறேன். ஒரே ஒரு டெம்ப்ளேட் என் கண்ணில் படவில்லை. பிப்ரவரியில் ஒரு கட்டுக் கடிதம் பழைய ஆளுநர் பெயரோடு தபாலில் போய்விட்டது. மேலாளர் அம்மா திட்டவில்லை, கடிதத்தின் நகலை மட்டும் என் விசைப்பலகை மேல் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கே உட்கார்ந்து அட்டவணை ஒன்று போட்டேன். பெயர், தொடங்கும் தேதி, முடியும் தேதி. எல்லாக் கடிதமும் இனி அங்கிருந்துதான் பெயரை எடுக்கும்.

அப்புறம் கொரோனா வந்தது. வீட்டிலேயே இருக்கச் சொல்லும் உத்தரவு எவர்ஸின் சுகாதாரத் துறையிலிருந்து வந்தது. 2020 மே 13-ஆம் தேதி மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அன்று ராத்திரியே சில மதுக்கடைகள் நிரம்பி வழிந்தன.

ஆளுநரின் பேனா என்னவெல்லாம் செய்யும் என்பது எனக்கு 2023 ஜூலையில்தான் உறைத்தது. நிதி ஒதுக்கும் மசோதாவில் தனக்கு வேண்டாத ஒதுக்கீட்டை மட்டும் அடிக்கும் உரிமை பெரும்பாலான மாநில ஆளுநர்களுக்கு உண்டு. விஸ்கான்சினில் 1930 முதல் அதற்கும் மேலே. வார்த்தையை அடிக்கலாம், எண்ணை அடிக்கலாம். எழுத்து எழுத்தாக அடித்துப் புதுச் சொல் உண்டாக்குவதை 1990-இலும், வாக்கியங்களை வெட்டி ஒட்டுவதை 2008-இலும் மக்கள் வாக்களித்துத் தடை செய்தார்கள். எண்களை மறந்துவிட்டார்கள். பள்ளிகள் ஒரு மாணவருக்கு ஆண்டுதோறும் 325 டாலர் கூடுதலாகத் திரட்டிக்கொள்ளலாம் என்ற சலுகை 2023-24, 2024-25 ஆகிய இரண்டு கல்வியாண்டுகளுக்கு மட்டும் என்று சட்டமன்றம் எழுதி அனுப்பியது. எவர்ஸ் நடுவில் சில சொற்களையும் ஒரு 20-ஐயும் ஓர் இணைப்புக் கோட்டையும் அடித்தார். மிஞ்சியது 2023-2425. நானூறு வருடம்!

அலுவலகத்தில் அன்று யாரும் வேலை பார்த்ததாக நினைவில்லை. எவர்ஸை மட்டும் சொல்லக் கூடாது, 2017-இல் வாக்கரும் இதையே செய்தார் என்று மேலாளர் அம்மா எடுத்துக்கொடுத்தார். 'டிசம்பர் 31, 2018' என்று இருந்ததில் நடுவில் கொஞ்சம் அடித்து 'டிசம்பர் 3018' ஆக்கியிருக்கிறார். ஆயிரம் வருடம். கட்சி எதுவானாலும் பேனா ஒன்றுதான்.

அப்பாவிடம் போனில் இதைச் சொன்னேன். "கவர்னரா வெட்டுறார்? அப்ப முதலமைச்சர் என்ன பண்றார்?" என்றார். இங்கே ஓட்டு வாங்கி வருகிற ஆளுநர்தான் முதலமைச்சர் வேலையும் பார்க்கிறார் என்று விளக்க அரை மணி நேரம் ஆனது. 2025 ஏப்ரலில் அப்பாவே கூப்பிட்டார். தமிழ்நாட்டு ஆளுநர் மசோதாக்களைக் கிடப்பில் போட்ட வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. பத்து நாள் கழித்து விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம், நாலுக்கு மூன்று என்று, நானூறு வருடம் செல்லும் என்றது. "அங்க உள்ளவர் கையெழுத்துப் போட்டுட்டே வெட்டுறார், இங்க உள்ளவர் கையெழுத்தே போடலை" என்றார் அப்பா.

இதில் சிரிப்பு மட்டும் இல்லை. 325 டாலரை மாநிலம் கொடுக்காவிட்டால் பள்ளி மாவட்டம் அதைச் சொத்து வரியில்தான் பிடிக்க முடியும். 2025 பட்ஜெட்டில் பள்ளிகளுக்கான பொது உதவித்தொகையைச் சட்டமன்றம் கூட்டவில்லை. டிசம்பரில் வீட்டு வரி ரசீது வந்தபோது பள்ளிக்கான வரியைத்தான் முதலில் பார்த்தேன். என் மகளும் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறாள், அதனால் முழு மனதோடு திட்டவும் முடியவில்லை.

மூன்றாவது முறை நிற்கப் போவதில்லை என்று 2025 ஜூலையில் எவர்ஸ் அறிவித்தார். 2027 ஜனவரியில் புதுப் பெயர் வர வேண்டும். மேலாளர் அம்மா ஓய்வுபெற்றுவிட்டார். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு அந்த அட்டவணையைக் காட்ட வேண்டியிருந்தது. எவர்ஸ் பெயருக்கு எதிரே தொடங்கும் தேதி 7-1-2019. முடியும் தேதி 31-12-9999. தேதி தெரியாவிட்டால் நாங்கள் எல்லாரும் போடுவதுதான் அது, 2019-இல் நானே போட்டது.

"இவர் இன்னும் எட்டாயிரம் வருடம் இருப்பாரா சார்?" என்று கேட்டான் பையன்.