ஹால் டிக்கெட்டில் இருந்த முகம்

குரூப் 2 முதன்மைத் தேர்வு அன்று அறைக் கண்காணிப்பாளர் என் ஹால் டிக்கெட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஆதார் அட்டையைக் கேட்டு வாங்கி மறுபடியும் பார்த்தார். விண்ணப்பிக்கும்போது எடுத்த போட்டோதான், பழையது ஒன்றும் இல்லை. அன்று இரவு விடுதிக் கண்ணாடி முன்னால் அந்தப் போட்டோவை வைத்துக்கொண்டு நின்றேன். கண்ணைச் சுற்றிக் கருவளையம், நெற்றியில் இரண்டு கோடு, துருத்திய கழுத்தெலும்பு. தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறி நின்றன.

ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மா, "ஏட்டி, கன்னம் ரெண்டும் ஒட்டிப் போச்சு. ஒழுங்கா சாப்பிடுதியா இல்லியா?" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். படிக்கிற பிள்ளை இப்படித்தான் இருக்கும் என்று தட்டிக்கழித்தேன். அது மூன்றாவது முயற்சி. மனசில் இருப்பது யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வதாக ஒரு நம்பிக்கை.

என்னை அதிகம் பயமுறுத்தியது முடிதான். முதல்நிலைத் தேர்வு சமயத்தில் ஒன்றும் இல்லை. அது முடிந்து இரண்டு, மூன்று மாதம் கழித்துச் சீப்பில் கொத்துக் கொத்தாக வந்தது. தோல் மருத்துவர் சொன்ன பிறகுதான் புரிந்தது: கடும் மன அழுத்தத்தில் வளர்ந்துகொண்டிருக்கும் முடி பல ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குப் போய்விடும்; அவை உதிர இரண்டு, மூன்று மாதம் பிடிக்கும். தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. அதற்கு மேல் உதிர்ந்தாலும் இந்த வகையில் வேர் சாவதில்லை, பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். இது தெரியாமல் முடி போகிறதே என்று வேறு தனியாகக் கவலைப்பட்டேன்.

காலையில் எழுந்ததும் தாடை வலித்தால், நெற்றியின் இரு ஓரமும் கனத்தால் அதையும் கவனியுங்கள். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேன் என்று அறைத்தோழி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன். எல்லாம் டென்ஷன்தான் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. எனக்கு ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8 இருந்தது, பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. மதியச் சாப்பாட்டை டீயும் பன்னுமாக ஓட்டியதன் பலன். தைராய்டு கோளாறிலும் இதே சோர்வு, இதே முடி உதிர்வு வரும். ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

பிறகு நான் மாற்றியவை கொஞ்சம்தான். இரவு பதினொன்றுக்குப் புத்தகத்தை மூடினேன். மதியம் சோறும் கீரையும், மருத்துவர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை. முடிவு எப்போது வரும் என்று தேடுவதை வாரத்துக்கு ஒருநாளாகக் குறைத்தேன். இதுதான் கஷ்டமாக இருந்தது. மாதத்தின் முதல் தேதியில் அதே ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வைத்தேன். தினமும் பார்க்கிற கண்ணாடியில் தெரியாத மாற்றம் அதில் தெரியும். தூக்கமே வராத இரவுகளில் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணுக்கு அழைக்கலாம். தமிழிலேயே பேசுவார்கள், நானும் இரண்டு முறை அழைத்திருக்கிறேன்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் "என்ன இப்படி இளைச்சுப் போயிட்டே" என்று கேட்காதீர்கள். பிள்ளை அடுத்த விசேஷத்துக்கு வராது. அம்மா ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டு, வாரம் ஒருமுறை பார்சலில் எள்ளுருண்டை அனுப்ப ஆரம்பித்தாள். ஐந்தாவது மாதப் போட்டோவில் நெற்றி ஓரத்தில் குட்டிக் குட்டியாக முடி நின்றது. முதலில் அவளுக்குத்தான் அனுப்பினேன்.