தடைக்காலத்தில் ஒரு பாக்ஸ் ஸ்பானர் வேட்டை

பழைய பாக்ஸ் ஸ்பானர், அதாவது நட்டின் மேல் தொப்பி மாதிரி கவிழ்த்துத் திருகும் சாக்கெட், தேடி ராமநாதபுரம் கரைப்பக்கம் போவதென்றால் மே மாதம்தான் தோது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மண்டபத்தில் படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றிக்கொண்டிருப்பார்கள். என்ஜின்கள் பிரிந்து சாக்கின் மேல் கிடக்கும். வருடம் முழுக்க என்ஜின் அறைக்குள் எண்ணெயில் ஊறிய டூல் பெட்டிகள் அப்போதுதான் வெளியே வரும். வெயில்தான் மண்டையைப் பிளக்கும். தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

நான் போன அன்று ஒரு மெக்கானிக் லிஸ்டர் என்ற பழைய பிரிட்டிஷ் என்ஜின் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். "டேய், அந்த மூணு நூல் எடு" என்று கையை நீட்டினார். நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. பெட்டியில் 3/8 என்று பொறித்த சாக்கெட் இரண்டு கிடந்தன. ஒன்றில் சுண்டுவிரல்கூட நுழையாது, இன்னொன்றில் நடுவிரல் தாராளமாகப் போகும். பையன் பெரியதை எடுத்துக் கொடுத்தான், யோசிக்கவே இல்லை.

புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். அமெரிக்க சாக்கெட்டில் பொறித்திருப்பது வாயின் அகலம், அதாவது நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே உள்ள தூரம். 3/8 என்றால் 9.5 மி.மீ. ஜோசப் விட்வொர்த் 1841-ல் முன்வைத்த மரைக்கணக்கைப் பின்பற்றிய பிரிட்டிஷ் சாக்கெட்டிலோ அந்த எண் போல்ட்டுத் தண்டின் அளவு. 3/8 டபிள்யூ (விட்வொர்த்) என்ற சாக்கெட்டின் வாயில் வெர்னியர் அளவுகோலை வைத்தால் 18 மி.மீ. காட்டும். சிலவற்றில் 3/8 டபிள்யூ, 7/16 பி.எஸ். என்று இரண்டு அளவும் இருக்கும். பி.எஸ். என்பது பி.எஸ்.எஃப். என்கிற நெருக்கமான மரை; அதே தண்டுக்கு அதில் நட்டு ஒரு சைஸ் சிறியது, அதனால் ஒரே வாய் இரண்டுக்கும் சரியாகிவிடுகிறது. மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-லேயே வந்தாயிற்று. ஆனால் பழைய பிரிட்டிஷ் என்ஜின் ஒன்று ஓடுகிறவரை அதற்குரிய சாக்கெட்டும் பெட்டியில் இருந்தாக வேண்டும். கைப்பிடி மாட்டும் பின்பக்கச் சதுரத் துளை மட்டும் இன்றுவரை இஞ்ச் கணக்குத்தான், மில்லிமீட்டர் சாக்கெட்டுக்கும் சேர்த்து. மூன்று நாட்டுச் சாமான் ஒரே கைப்பிடியில் குடித்தனம் நடத்துவது அதனால்தான்.

அந்தப் பெரிய 3/8-ஐ விலைக்குக் கேட்டுப் பார்த்தேன். "என்ஜினை வாங்கிக்கிங்கண்ணே, இதைச் சும்மாவே தர்றேன்" என்றார் மெக்கானிக்.

மண்டபம் வரை போய்விட்டுப் பாம்பனை எட்டிப் பார்க்காமல் வர முடியுமா? 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில் கப்பலுக்கு வழிவிடத் தூக்கும் பகுதியை ஆட்கள் கையால் சுற்றித்தான் திறந்தார்கள். பக்கத்தில் 2025-ல் வந்த புதுப் பாலம் மோட்டாரில் எழும்புகிறது. எனக்குப் பழைய பாலத்தின் போல்ட்டுகளைப் பார்க்க ஆசை. ரோட்டுப் பாலத்தில் நின்றால் ஒன்றும் தெரியவில்லை. மீன் குழம்பு நன்றாக இருந்தது.

அப்புறம் கீழக்கரை, ஒரு காயலான் கடை. "பாய், பழைய ஸ்பானர் ஏதும் தனியா எடுத்து வச்சிருக்கீங்களா?" என்றேன்.

"தனியா எடுத்து வச்சா தனி விலை தம்பி. குவியல்ல நீங்களே பொறுக்கினா கிலோ விலை."

நியாயம்தான். உட்கார்ந்து பொறுக்கினேன். ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் திருகும் ராட்செட் கைப்பிடிகள் எல்லாமே இறுகிப்போனவை. உள்ளே இருக்கிற சின்ன ஸ்பிரிங்குக்கும் பல்லுக்கும் உப்பு ஆகாது. டி ஹேண்டிலில் கெடுவதற்கு ஒன்றுமில்லை, அதனால் அவை நிறையக் கிடைக்கின்றன. வாய்க்குள் பன்னிரண்டு மூலை உள்ள சாக்கெட்டுகள் அதிகம் தேயாமல் இருந்தன. துருவேறிய நட்டில் அது வழுக்கும் என்று இங்குள்ளவர்கள் ஆறு மூலையைத்தான் கேட்கிறார்கள், அவை தேய்ந்து வாய் அகன்றிருந்தன.

துருவைப் போக்க கிரைண்டரில் பிடித்துப் பளபளப்பாக்கித் தருகிறேன் என்றார் பாய். தயவுசெய்து வேண்டாம் என்றேன். பொறித்த எழுத்துப் போய்விட்டால் அது வெறும் இரும்பு. டீசலில் இரண்டு நாள் ஊறப்போட்டு, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, மேலே சாக்பீஸைப் பூசித் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை தங்கி எழுத்து தெரியும். புல்டாக் நாய்ப் படம் இருந்தால் பர்மிங்காமின் கிங் டிக். மேற்கு ஜெர்மனி என்று இருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. கெடோர் பெயரைப் பார்த்ததும் ஜெர்மனிச் சரக்கு என்று துள்ள வேண்டாம், இந்தியாவில் செய்ததும் உண்டு, ஓரத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கோழிக்கால் மாதிரி மூன்று கோட்டு அம்புக்குறி இருந்தால் பிரிட்டிஷ் ராணுவத்துக்குப் போன சாமான். குரோம் பூச்சு உரிந்திருப்பதை வைத்து வயதைக் கணக்கிடாதீர்கள். இந்தக் காற்றில் புதுசும் சீக்கிரம் உரியும்.

பாயிடம் ஒரு தகரப் பெட்டியும் இருந்தது, உள்ளே பின்துளை அரை இஞ்ச் உள்ள சாக்கெட்டுகள். பாதி கிங் டிக், இரண்டு கெடோர், பெயரே இல்லாத ஒரு 14 நம்பர் (14 மி.மீ.). அதை அப்படியே தூக்கி எடை போடச் சொன்னேன். ஒரே கம்பெனிச் சாமானாகத் தேடி நிரப்பிப் பெட்டியைக் கண்ணாடி அலமாரியில் வைக்கிற பழக்கம் எனக்கு ஒத்துவராது. இந்தக் கரையில் எந்தப் பெட்டியும் முழு செட்டாக இருந்திருக்காது. என்ஜின் மாற மாற, ஒன்று கடலில் விழ விழ, கையில் கிடைத்ததை வாங்கிச் சேர்த்திருப்பார்கள். அந்த 14 நம்பரைத் தூக்கிவிட்டு நல்ல கெடோர் ஒன்று தருகிறேன் என்று மதுரை நண்பர் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். கொடுப்பதாக இல்லை.