பைன்ட் கணக்கை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்

இங்கிலாந்தில் நர்சாக இருக்கும் நான் லீவில் திருமங்கலம் வந்தால் போதும், நர்சிங் முடித்த பெண்கள் யாராவது நோட்டும் பேனாவுமாக வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு பற்றிக் கேட்பார்கள், விசா செலவு கேட்பார்கள், குளிர் தாங்குமா என்று கேட்பார்கள், கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று வரும். "அக்கா, அங்கிட்டு மருந்துக் கணக்கெல்லாம் ரொம்பக் கஷ்டமாமே?"

கஷ்டமே இல்லை. பெருக்கத் தெரியணும், வகுக்கத் தெரியணும், அவ்வளவுதான். இங்கிலாந்துக்கு நர்சாகப் போகிறவர்கள் முதலில் கம்ப்யூட்டரில் எழுதும் சிபிடி தேர்வில் கணக்குப் பகுதி தனியாக இருக்கிறது, 15 கேள்வி, 30 நிமிடம், நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற கதையெல்லாம் அதில் கிடையாது, விடையை நாமேதான் தட்ட வேண்டும். அதை நம் பிள்ளைகள் தாண்டிவிடுவார்கள். சிக்கல் அதற்கு அப்புறம், வார்டில் நிற்கும்போது வருகிறது. ஏனென்றால் மதுரையில் நாலைந்து வருஷம் வேலை பார்த்த யாரும் கணக்குப் போடுவதில்லை. எண்கள் மனப்பாடமாகி கைக்குள் போயிருக்கும். அந்த எண்கள் அங்கே செல்லாது.

பைன்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ரவுண்ட்ஸில் டாக்டர் "ஒரு பைன்ட் என்எஸ், ஒரு பைன்ட் டிஎன்எஸ், ஒரு பைன்ட் ஆர்எல்" என்றால் சலைன், குளுகோஸ் சலைன், ரிங்கர் லாக்டேட் என்று 500 மில்லி பாட்டில் மூன்று ஏற்ற வேண்டும் என்று நமக்குத் தெரியும். எட்டு மணி நேரத்துக்கு ஒரு பாட்டில் என்றால் நிமிடத்துக்கு 16 சொட்டு, யோசிக்காமல் விரல் ரெகுலேட்டரை உருட்டிவிடும். இந்த 16 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பாதிப் பேர் முழிக்கிறார்கள். 500ஐ 15ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் 15.6, அதை 16 ஆக்கிக்கொண்டோம். அந்த 15 என்பது பாட்டிலிலிருந்து கைக்கு வரும் குழாயான ஐவி செட்டின் சொட்டு எண், அதாவது எத்தனை சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி என்பது. நான் படித்த காலத்து நோட்டில் எல்லாக் கணக்கிலும் 15தான் இருந்தது. ஆனால் நோயாளியின் மகன் மெடிக்கலில் வாங்கிவந்து கொடுக்கும் செட்டின் கவரைத் திருப்பிப் பார்த்தால் 20 என்று அச்சடித்திருக்கும். 20 சொட்டு செட்டுக்கு அதே பாட்டில் நிமிடத்துக்கு 21 சொட்டு ஓட வேண்டும். 16லேயே விட்டால் எட்டு மணி நேரத்தில் முடிய வேண்டியது பத்தரை மணி நேரம் இழுக்கும். ஊரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, பாட்டில் தீரும்போது வந்து மாற்றுவோம், நடுவில் நோயாளி பாட்டிலைத் தூக்கிப் பிடித்த மகனோடு பாத்ரூம் போய்வந்தால் அந்த 16ம் 16 ஆக இருக்காது.

இங்கிலாந்தில் சாதாரண திரவங்களுக்கான செட் 20 சொட்டு, ரத்தம் ஏற்றும் செட் 15 சொட்டு, மைக்ரோ செட் 60 சொட்டு. பாட்டில் பெரும்பாலும் ஒரு லிட்டர் பை. பைன்ட் என்று வார்டில் சொன்னால் சிரிப்பார்கள், அங்கே அது பாலுக்கும் பீருக்கும் உள்ள அளவு, அதுவும் 568 மில்லி. ஒரு லிட்டர் எட்டு மணி நேரம் என்றால் 1000ஐ 20ஆல் பெருக்கி 480ஆல் வகுக்க 41.67, அதாவது 42 சொட்டு. இதற்கு நான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் குறுக்கு வழி ஒன்று உண்டு. மணிக்கு எத்தனை மில்லி என்று முதலில் கண்டுபிடி, 20 சொட்டு செட் என்றால் மூன்றால் வகு, 15 என்றால் நான்கால் வகு, 60 என்றால் வகுக்கவே வேண்டாம், மில்லி எண்தான் சொட்டு எண். 60ஐச் சொட்டு எண்ணால் வகுத்தால் அந்த மூன்றும் நான்கும் தானே வந்துவிடும், ஏன் என்று கேட்காமல் இதையும் மனப்பாடம் செய்தால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

வார்டில் திரவத்தைத் தானே அளந்து ஏற்றும் பம்ப் இருக்கிறதே, சொட்டு எதற்கு என்று ஒரு பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. மணிக்கு 125 மில்லி என்று தட்டினால் பம்ப் ஓட்டிவிடும். ஆனால் எல்லாப் படுக்கைக்கும் பம்ப் கிடைக்காது, பம்ப் இல்லாமல் ஓடும் பை அங்கேயும் நிறைய. அப்புறம், பம்பில் 125 தட்டினோமா 1250 தட்டினோமா என்பதைச் சொட்டு விழுகிற வேகத்தைப் பார்த்தே சந்தேகப்படும் கண் நமக்கு இருக்கிறது. வாட்சைப் பிடித்துக்கொண்டு சொட்டு எண்ணி வளர்ந்த கண் அது. அதை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

அலகுகள்தான் முதல் சில மாதம் என்னைப் படுத்தியவை. ஊரில் பென்சிலின் 10 லட்சம் யூனிட், 20 லட்சம் யூனிட் என்று போட்டவள் நான். அங்கே அதே பென்சைல்பெனிசிலின் 600 மில்லிகிராம், 1.2 கிராம் என்று சீட்டில் வருகிறது. 10 லட்சம் யூனிட்தான் 600 மில்லிகிராம், இரண்டும் ஒன்றுதான், ஆனால் முதன்முதலில் பார்க்கும்போது வேறு மருந்து மாதிரி இருக்கும். மைக்ரோகிராமை நாம் சுருக்கி எழுதுவோம், அங்கே கூடாது, மைக்ரோகிராம், யூனிட் இரண்டையும் முழுசாக எழுத வேண்டும். யூனிட்டுக்கு ஆங்கில எழுத்து யு மட்டும் போட்டால் அவசரத்தில் சைபராகத் தெரியும், 4 யூனிட் 40 ஆகிவிடும். இதய மருந்தான டிகாக்சின் ஊரில் 0.25 மில்லிகிராம் மாத்திரை, அங்கே 250 மைக்ரோகிராம். எடை கேட்டால் வயசானவர்கள் "பதினொரு ஸ்டோன்" என்பார்கள். ஒரு ஸ்டோன் 6.35 கிலோ, ஆக அவர் 70 கிலோ. ஆனால் மருந்துக்கு எடை வேண்டுமென்றால் அவர் சொன்னதை எழுதக் கூடாது, தராசில் ஏற்றித்தான் எழுத வேண்டும். ஊரிலும் அப்படித்தான் செய்திருக்க வேண்டும், சரி, விடுங்கள்.

இன்சுலின் இன்னும் மோசம். நம் ஊர் மெடிக்கலில் கிடைக்கும் வயல் நிறைய 40 யூனிட்காரம், ஒரு மில்லியில் 40 யூனிட், அதற்கென்று சிவப்பு மூடி சிரிஞ்ச். அங்கே வயலும் பேனாவும் வழக்கமாக 100 யூனிட், சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. எங்கள் பெரியம்மா ஒவ்வொரு தடவையும் "ஊசி அங்க சன்னமா வலிக்காம இருக்குமாமே, ஒரு டப்பா வாங்கிட்டு வாத்தா" என்பார்கள். வாங்கி வர மாட்டேன். அந்த 100 யூனிட் சிரிஞ்சில் நம் 40 வயலை 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான், சர்க்கரை இறங்கவே இறங்காது. மாறி நடந்தால் அதைவிட ஆபத்து, 100 வயலை சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் 50 யூனிட். பெரியம்மாவுக்கு இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டியும் கோபம் போகவில்லை, கஞ்சத்தனம் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறார்கள்.

மருந்துப் பெயரிலும் இதே கதைதான். மோனோசெஃப், எமிசெட், டெரிஃபிலின், பான் 40 என்று கடைப்பெயர் சொல்லிப் பழகிய வாய்க்கு செஃப்ட்ரியாக்சோன், ஆன்டன்செட்ரான் என்று முழுப்பெயர் வர நாளாகும். கிளம்புவதற்கு முன்பே மூலப்பெயரைச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள், இதற்குப் பைசா செலவில்லை.

எனக்கு வந்த எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஐசியூவில் பிரஷரை ஏற்றும் டோபமைன் ஓட்டியவள் நான். 200 மில்லிகிராமை 50 மில்லியாக்கினால் மில்லிக்கு 4 மில்லிகிராம், 60 கிலோ ஆளுக்கு ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம் என்றால் நிமிடத்துக்கு 300, மணிக்கு 18,000 மைக்ரோகிராம், அதாவது 18 மில்லிகிராம், நாலால் வகுத்தால் மணிக்கு 4.5 மில்லி. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவளை அங்கே போய் இறங்கியதும் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு முடித்து, நர்ஸ் பதிவு எண்ணான பின் நம்பர் வருகிறவரை கீழ்ப்படியான பேண்ட் 4 சம்பளத்தில் வைத்திருந்தார்கள், அந்த நம்பர் வந்து நர்சுக்கான பேண்ட் 5 ஆன பிறகும் ஐவி வகுப்பு முடித்து, மேற்பார்வையில் போட்டுக்காட்டி, கையெழுத்து வாங்குகிறவரை கையில் குத்திய கேனுலாவில் சலைன் தள்ளக்கூட விடவில்லை. அன்றைக்கு அவமானமாகத்தான் இருந்தது. வகுப்பில் உட்கார்ந்த பிறகு கொஞ்சம் கோபம் குறைந்தது, ஏனென்றால் அங்கே பாதிக் கணக்கு அளவில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. ஃபுரோசிமைடு நிமிடத்துக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, ஆக 80 மில்லிகிராமுக்குக் குறைந்தது 20 நிமிடம். அதே மருந்தை ஊரில் லாசிக்ஸ் என்று எத்தனை நிமிடத்தில் தள்ளினோம் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் நிமிடத்துக்கு 10 மில்லிகிராம், ஒரு கிராமுக்கு 100 நிமிடம், 250 மில்லி பையில் கலந்திருந்தால் மணிக்கு 150 மில்லி. வேகமாகப் போனால் ஆள் தக்காளியாகச் சிவந்து, பிரஷர் இறங்கிவிடும். ஒவ்வொரு மருந்தையும் எதில் கலக்க, எவ்வளவு நேரம் ஓட்ட என்று மெடுசா என்ற இணைய வழிகாட்டியில் இருக்கும், இருபது வருஷ அனுபவக்காரரும் அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஊசியைத் தொடுகிறார்.

இரண்டு பேர் சரிபார்ப்பது நம் ஊரிலும் காகிதத்தில் உண்டு. "சிஸ்டர், 4.5 தானே?" என்று கேட்போம், அவர்கள் போகிற போக்கில் "ஆமா" என்பார்கள். அது சரிபார்ப்பு இல்லை, நாம் சொன்னதையே திருப்பி வாங்குவது. அங்கே விடையைச் சொல்லக் கூடாது. சீட்டையும் வயலையும் நீட்ட வேண்டும், அவர் தனியாகப் போட்டு வர வேண்டும், அப்புறம்தான் இரண்டு எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது. சீனியர் ஒருவர் நேற்று வந்த என்னிடம் வயலை நீட்டி "நீ போட்டுச் சொல்" என்றபோது என்னைச் சோதிக்கிறாரோ என்று நினைத்தேன். இல்லை, அவருக்கு நிஜமாகவே இரண்டாவது ஆள் வேண்டியிருந்தது. விடை வேறாக வந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை, இருவரும் முதலிலிருந்து போடுகிறார்கள். மதுரையில் ஒரு சீனியரிடம் போய் "உங்க கணக்கு தப்பு" என்று சொல்லியிருக்க முடியுமா என்றால், முடியாது.

அதனால் இப்போது வருகிற பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்கார வைக்கிறேன், ஒருத்தி நோட்டை இன்னொருத்தி பார்க்கக் கூடாது. போன வாரம் இரண்டு பேருக்கு விடை வேறு வேறாக வந்து சண்டை, ஒருத்தி 41.67 என்கிறாள், இன்னொருத்தி 42. இரண்டும் சரிதான், ஆனால் சொட்டில் 0.67 விழாது, அதனால் சொட்டு என்றால் முழு எண். பம்பில் 4.5 ஓடும், அதை 5 ஆக்கினால் தப்பு. கேள்வியிலேயே எத்தனை தசமம் என்று சொல்லியிருந்தால் அதன்படி. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது, குழந்தைகளுக்கான எடைக் கணக்கை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளியிருக்கிறோம்.