1,380 கிராம்

பிப்ரவரி 17

ஆஸ்பத்திரியில் அக்காவோடு இருக்கும் பச்சைக்குழந்தையின் எடை இன்று 1,380. நேற்றைவிட 20 குறைவு. முதலில் கொஞ்சம் குறையும், அப்புறம் ஏறும் என்று அக்காவிடம் நர்ஸ் சொன்னாராம்.

பிப்ரவரி 18

அக்காவின் மூத்த மகனை எல்லோரும் பெரியவன் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டேகால் வயது. போன வாரம் வரை அவன் குட்டி. இன்று பக்கத்து வீட்டுச் சின்னவளின் கையைக் கடித்துவிட்டான், பல் பதிந்திருந்தது. அம்மா கை ஓங்கினாள், நான் தடுத்தேன். தம்பி வரப்போறான், அம்மா வயித்துல இருக்கான் என்று மாதக்கணக்கில் சொன்னோம். இப்போது தம்பியும் இல்லை, அம்மாவும் இல்லை. கடிக்காமல் என்ன செய்வான்?

ராத்திரி அக்காவின் நைந்துபோன பருத்திப் புடவையைக் கிழித்துப் பொம்மை தைத்தேன். உள்ளே கேழ்வரகு. கடைக்காரரிடம் தராசை இரவல் வாங்கி, சரியாக 1,380 கிராம். இரண்டு உறை, இரட்டைத் தையல். ஒரு மணி சிந்தினாலும் மூக்கில் போட்டுக்கொள்வான். கண்ணுக்குப் பட்டன் வைக்கவில்லை, பிய்த்து விழுங்கிவிடுவான் என்று கறுப்பு நூலால் போட்டேன். முடித்துவிட்டு மடியில் வைத்துப் பார்த்தேன். கையே உணரவில்லை, அவ்வளவு லேசு.

பிப்ரவரி 19

1,360. பொம்மையிலிருந்து எடுக்க மாட்டேன்.

பிப்ரவரி 21

வீடு முழுக்கப் புளி. மாசி பிறந்தால் எங்கள் பக்கம் வேறு வேலை ஏது. அம்மா ஓடு தட்டித் தட்டிக் கொட்டை எடுக்கிறாள். அந்தக் கொட்டை அவன் கைக்குப் போனால் அடுத்து வாய்க்குத்தான். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் இரண்டு பிடி போட்டு, மூடியைப் பசை வைத்து ஒட்டி, மேலே டேப்பும் சுற்றிக் கொடுத்தேன். கோபம் வந்தால் இதை ஆட்டு. சாயங்காலம் அக்கா போனை வைத்ததும் ஆட்டுகிறான். வெகுநேரம். கடி மட்டும் இல்லை.

வளைகாப்பில் மிஞ்சிய பாக்குமட்டைத் தட்டுகளில் கரியால் முகம் வரைந்தேன். சிரிப்பு, அழுகை, கோபம், பயம். இதில் நீ எது என்றால் தினமும் கோபத்தையே எடுக்கிறான். "ஆமா சாமி, உனக்குக் கோபம். அம்மா இன்னும் வரலைன்னு கோபம்" என்கிறேன். சிரி, சிரி என்று எல்லோரும் அவனைப் படுத்துகிறார்கள். அவன் எடுத்த தட்டை நான் மாற்ற மாட்டேன்.

பிப்ரவரி 23

1,375. ஏறுகிறது!

தோட்டத்தில் கிடந்த நாலு இஞ்ச் பைப் துண்டை விளிம்பு தேய்த்துத் திண்ணையில் சரிவாகக் கட்டினேன். கிழிந்த பனியனில் பந்து. மேலே அவன் போட வேண்டும், கீழே சின்னவள் எடுத்துத் திருப்பித் தர வேண்டும். அவள் இல்லாவிட்டால் பந்து வராது. இந்த வயதுக் குழந்தையிடம் பங்கு போடு என்று அதட்டுவதில் பயனில்லை. "உன் முறை, என் முறை" புரிகிறது. ஒருமுறை அவள் பந்தோடு ஓடிவிட்டாள். அவன் கை ஓங்கினான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையை விரித்து "தா" என்றான்.

பிப்ரவரி 25

தக்காளி கிரேட்டில் கயிறு கட்டிப் பஸ். "தர்மபுரி தர்மபுரி" என்று அவனே கத்துகிறான். வாசலில் இருந்து புளியமரம் வரை போய்த் திரும்ப வேண்டும். "போன பஸ் வரும், போன அம்மா வருவாங்க" என்று ஒவ்வொரு நடைக்கும் சொன்னேன். அவனுக்கும் அது தேவை, எனக்கும் தேவை. ஐந்தாவது நடையோ ஆறாவதோ, பொம்மையைத் தூக்கி வந்து பஸ்ஸில் வைத்தான். "சின்னமா, தம்பி வருவான்?"

அம்மா வருவாள் என்று சொல்ல எனக்குத் தைரியம் இருக்கிறது. இதற்கு எதை நம்பிச் சொல்வது? வாயைத் திறக்காமல் இழுத்தேன். அவன் விடவில்லை, திரும்பத் திரும்பக் கேட்டான். பயத்துக்கும் ஒரு தட்டு வரைந்து வைத்திருக்கிறேன். அவன் அதைத் தொட்டதே இல்லை.

பிப்ரவரி 26

போன் வரவில்லை.

பிப்ரவரி 27

1,440. நேற்று டவர் இல்லையாம்.

அக்கா குழந்தையை நெஞ்சோடு நெஞ்சாக வைத்துக்கொள்கிறாள். கங்காரு முறை. 1978ல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில் ஆரம்பித்ததாம். வீடியோவில் பார்த்தவன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பொம்மையைத் தூக்கி வந்தான். மாமாவின் துண்டால் கட்டிவிட்டேன். ஓரிடத்தில் நிற்காத பிள்ளை, சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்திருந்தான். அவன் தூங்கியதும் உறையைப் பிரித்து 60 கிராம் சேர்த்தேன்.

மார்ச் 1

தையல் விட்டுப்போய்க் கூடமெல்லாம் கேழ்வரகு. அவசரத்தில் ஒற்றைத் தையலோடு விட்டது நான்தான். அம்மா அபசகுனம் என்று உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். இத்தனை நாள் அவள் அழுது நான் பார்க்கவில்லை. அவன் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தான். உள்ளே போய்ப் புளியங்கொட்டைப் பாட்டிலைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான்.

"ஆயா, ஆட்டு."

ஆட்டினாள்.

மார்ச் 3

1,515! பிறந்த எடையைத் தாண்டியாச்சு. பொம்மைக்கு இன்னும் 75 வேண்டும். மிச்சமிருந்த கேழ்வரகை அம்மா களிக்கு அரைக்கக் கொடுத்துவிட்டாள். பக்கத்து வீட்டில் கேட்க வேண்டும்.