ஒரே அமைப்பு வீடு, இரட்டிப்புக் கட்டணம்: இரு வீடுகளின் மின்கணக்கை ஒப்பிட்ட அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல வந்து சேர்ந்த மலிவு விலைத் தாமான் (குடியிருப்புப் பகுதி) ஒன்றில், எங்கள் வீடும் என் தங்கையின் வீடும் இரண்டு வரிசை இடைவெளியில் இருக்கின்றன. இரண்டும் ஒரே வரைபடத்தில் எழுந்த ஒருமாடி வரிசை வீடுகள். அவர்கள் வீட்டில் இரண்டு ஏர்கோன் (ஏசி), எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்று. ஆயினும் மாதக் கட்டணம் எங்களுக்கு 240 ரிங்கிட்டைத் தாண்டியபோது அவர்களுக்கு 125 ரிங்கிட்டை ஒட்டியே நின்றது. குளியலறை ஹீட்டர்தான் காசைத் தின்கிறது என்பது அம்மாவின் உறுதியான முடிவு. “மச்சான், உங்கள் மீட்டரே வேகமாக ஓடுகிறது, புகார் கொடுங்கள்” என்பது தங்கை கணவரின் ஆலோசனை. புகார் எழுதுவதற்கு முன், இரு வீடுகளின் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்துவிடலாம் என்று தொடங்கினேன்.

ரிங்கிட்டை ரிங்கிட்டோடு ஒப்பிடுவதால் பயனில்லை என்பது பழைய பில்களை மேசையில் பரப்பியதுமே விளங்கியது. ஒரு பில்லுக்கும் அடுத்த பில்லுக்கும் இடைப்பட்ட நாள்கள் எப்போதும் ஒரே அளவாக இருப்பதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூலை 1 முதல் வீட்டுக் கட்டண முறையே மாறியிருப்பது. அதற்கு முன் முதல் 200 அலகுக்கு (ஓர் அலகு என்பது ஒரு கிலோவாட்-மணி) 21.80 சென் (நூறு சென் ஒரு ரிங்கிட்), அடுத்த 100 அலகுக்கு 33.40 சென், அதற்கு மேல் 600 அலகு வரை 51.60 சென் என்று படிப்படியாக ஏறியது. இப்போது 1500 அலகு வரை பயன்படுத்தும் வீட்டுக்கு எரிசக்திக் கட்டணம் 27.03 சென், கொள்திறன் கட்டணம் 4.55 சென், வலையமைப்புக் கட்டணம் 12.85 சென் எனக் கூட்டினால் அலகுக்கு 44.43 சென் ஆகிறது. அதிலிருந்து, மொத்தப் பயன்பாடு எந்த அளவுக்குள் அடங்குகிறதோ அதற்கேற்ப மின்சிக்கன ஊக்கத்தொகையைக் கழிக்கிறார்கள். ஆகவே மாற்றத்துக்கு முந்தைய ரிங்கிட்டை அதற்குப் பிந்தைய ரிங்கிட்டோடு ஒப்பிட்டுச் சண்டையிடுவது வீண். ஒவ்வொரு பில்லிலும் உள்ள அலகை அந்தப் பில்லின் நாள்களால் வகுத்து, நாளொன்றுக்கு எத்தனை அலகு என்ற ஒரே எண்ணாக எல்லாவற்றையும் மாற்றி எழுதிக்கொண்டேன். எங்கள் வீடு நாளுக்கு 21 அலகு, தங்கை வீடு 14 அலகு.

அலகில் ஒன்றரை மடங்கு, ஆனால் பணத்தில் ஏறக்குறைய இரு மடங்கு. இந்த இடைவெளிக்கு மீட்டர் பொறுப்பாக முடியாது, கட்டண முறையின் கட்டமைப்பே பொறுப்பு. 420 அலகு பயன்படுத்தும் வீட்டுக்கு ஊக்கத்தொகை அலகுக்கு 14.5 சென் கிடைக்கிறது. 44.43 சென்னில் அதைக் கழித்தால் 29.93 சென் மிஞ்சும், மொத்தம் 125.71 ரிங்கிட். 630 அலகைத் தொட்ட எங்களுக்கோ ஊக்கத்தொகை 7.5 சென்தான். அது கடைசி 30 அலகுக்கு மட்டும் உரியதன்று, முதல் அலகிலிருந்தே எல்லா அலகுக்கும் அந்தக் குறைந்த ஊக்கத்தொகைதான். அதனால் அலகு 36.93 சென்னாகி 232.66 ரிங்கிட் வருகிறது. அதோடு 600 அலகைத் தாண்டிய வீடு என்பதால் மாதம் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும் (பில் போன்ற வாடிக்கையாளர் சேவைக்கான நிலையான கட்டணம்) சேர்ந்து 242.66 ரிங்கிட் ஆகிறது. 600-க்கு மேற்பட்ட அலகுகளுக்கான 8 விழுக்காட்டுச் சேவை வரி, மாதந்தோறும் மாறும் எரிபொருள் சரிக்கட்டல், புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கான பங்களிப்பு ஆகியவற்றை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இதில் எனக்கு மிகவும் உறைத்தது 600 என்ற அந்த எல்லை. சரியாக 600 அலகில் நிறுத்திய வீடு 212.58 ரிங்கிட் கட்டுகிறது, 601-ஆவது அலகைத் தொட்ட வீடு வரிகளைச் சேர்க்காமலேயே 231.95 ரிங்கிட் கட்டுகிறது. ஒரே ஓர் அலகின் விலை 19 ரிங்கிட்டுக்கும் மேல். பெரும்பாலான மாதங்களில் நாங்கள் அந்த எல்லைக்குச் சற்று அப்பால்தான் நின்றுகொண்டிருந்தோம்.

எங்கள் வீட்டில் அம்மாவையும் பிள்ளைகளையும் சேர்த்து ஆறு பேர், தங்கை வீட்டில் நான்கு பேர். தலைக்கு என்று வகுத்தால் இரு வீட்டிலும் நாளுக்கு மூன்றரை அலகுதான். அவர்களைவிட நாங்கள் ஊதாரிகள் அல்லர் என்று என் மனைவி இந்த எண்ணைப் பலமுறை எடுத்துக்காட்டினாள். ஆனால் கட்டணம் தலையை எண்ணுவதில்லை, மீட்டரைத்தான் எண்ணுகிறது. பெற்றோரும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் வாழும் நம் குடும்பங்களுக்கு இது பாதகமான ஏற்பாடு என்பதே என் கருத்து.

அடுத்த வேலை, அந்த 21 அலகு எங்கே போகிறது என்று பிரித்துப் பார்ப்பது. தங்கை வீட்டில் ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்டிருந்ததால் அன்றாடப் பயன்பாட்டை மின்நிறுவனமான டிஎன்பியின் மைடிஎன்பி செயலியிலேயே பார்க்க முடிந்தது. எங்களுடையது பழைய மின்னணு மீட்டர். அதன் முகப்பில் சிறிய சிவப்பு விளக்கொன்று விட்டுவிட்டு மின்னும், பக்கத்திலேயே ஓர் அலகுக்கு எத்தனை மின்னல் என்பதும் அச்சிடப்பட்டிருக்கும். எங்கள் மீட்டரில் 1000 என்றிருந்தது. அப்படியானால் ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் இடைப்பட்ட வினாடிகளால் 3600-ஐ வகுத்தால், அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் அளவு கிடைத்துவிடும். முத்திரையிட்ட பெட்டியைத் திறக்கவோ தொடவோ வேண்டியதில்லை, வெளியில் நின்று கைப்பேசியின் கடிகாரத்தைப் பார்த்தாலே போதும்.

எல்லாரும் தூங்கிய பிறகு, ஏர்கோனும் மின்விசிறிகளும் போடாத ஓரிரவில் அதைப் பார்த்தேன். குளிர்பதனப் பெட்டியின் கம்ப்ரசர் ஓடும்போது வேகமாகவும் நிற்கும்போது மெதுவாகவும் மின்னும் என்பதால், நெடுநேரம் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். சராசரி 12 வினாடிக்கு ஒரு மின்னல், அதாவது 300 வாட். யாரும் எதையும் பயன்படுத்தாத நேரத்தில் வீடு சும்மா இழுக்கும் அளவு அது. வாசல் விளக்கு பகலில் எரியாததைக் கழித்தாலும் நாளுக்கு ஆறரை அலகு, மாதத்துக்கு ஏறக்குறைய 200 அலகு இப்படியே போகிறது. தங்கை வீட்டில் அந்த அளவு இதில் பாதிகூட இல்லை. ஏர்கோனின் எண்ணிக்கையை வைத்து நாங்கள் இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தபோது, இரு வீடுகளுக்கும் இடையிலிருந்த வேறுபாட்டில் பாதி இங்கேதான் கிடந்தது.

அதைப் பொருள்வாரியாகப் பிரிக்க, சுவர்ச் செருகியில் மாட்டி அதன் மேல் பிளக்கைச் செருகும் மலிவான மின் அளவிக் கருவி ஒன்றை வாங்கினேன். மூன்றுமுனைப் பிளக் உள்ள பொருள்களுக்கு மட்டுமே அது பயன்படும். நேரடியாக வயரிங் செய்யப்பட்ட ஹீட்டருக்கும் ஏர்கோனுக்கும் அதைப் பயன்படுத்த முடியாது, பயன்படுத்த முயலவும் கூடாது. ஒவ்வொரு பொருளையும் முழுதாக 24 மணி நேரம் அதில் ஓடவிட்டதில், பின்கட்டுச் சமையலறையில் நிற்கும் உறைபெட்டி 3 அலகும், வயதான இரட்டைக் கதவுக் குளிர்பதனப் பெட்டி 2.4 அலகும் இழுப்பது தெரிந்தது. மனைவி தோசை மாவு அரைத்துக் கொடுக்கும் தொழிலுக்காக வாங்கிய உறைபெட்டி அது. துத்தநாகத் தகடு வேய்ந்த கூரைக்கு நேர் கீழே, மதிய வெயிலின் அனல் இறங்கும் இடத்தில், சுவரோடு ஒட்டி நின்றது. உள்ளிருந்து எடுத்த வெப்பத்தைப் பின்புறமும் பக்கவாட்டிலும் வெளியேற்றித்தான் இப்பெட்டிகள் குளிர்விக்கின்றன. சுற்றிலும் காற்றே சூடாக இருந்து, பின்னால் இடைவெளியும் இல்லாவிட்டால் கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடுவதைத் தவிர வேறென்ன செய்யும்? மூடியின் ரப்பர்ப் பட்டையும் தளர்ந்திருந்தது. ஒரு தாளை இடுக்கில் வைத்து மூடிவிட்டு இழுத்தால், சிறிதும் பிடிமானமின்றி வெளியே வந்தது.

மீதமிருந்தது வாசலில் இரவு முழுவதும் எரியும் பழைய குழல் விளக்கு, தொலைக்காட்சிப் பெட்டி, இணைய மோடம், சாமி விளக்கு ஆகியவை. சாமி மேடையில் இரவும் பகலும் எரியும் சிறிய சிவப்பு விளக்கின் மீது நான் கருவியைக் கொண்டு போனபோது அம்மா முகம் கொடுக்கவில்லை. அது 5 வாட், மாதத்துக்கு 3.6 அலகு. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஏர்கோனை அளக்க, படுக்கப் போகும்போதும் விழித்தெழும்போதும் மீட்டரின் எண்ணைக் குறித்துவைத்தேன். முழு அலகுகளை மட்டுமே காட்டும் மீட்டர் என்பதால் பல இரவுகளின் சராசரி தேவைப்பட்டது. ஒன்பது மணி நேரத்தில் 9.5 அலகு, அதில் சும்மா இழுக்கும் 2.7 அலகு போக மீதி 6.8. ஒரு குதிரைத்திறன் கொண்ட, இன்வெர்ட்டர் (தேவைக்கேற்பக் கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) இல்லாத ஏர்கோன் அது. அறையின் வெளிச்சுவர் மேற்கு பார்த்தது. மாலை முழுவதும் வெயில் குடித்த செங்கல் இரவு வெகுநேரம் வரை வெப்பத்தை உள்ளே விட்டுக்கொண்டே இருக்க, பிள்ளைகள் 18 பாகையில் வைத்துவிட்டுப் போர்வைக்குள் புகுந்துகொள்வார்கள். அந்த அறை 18 பாகையை ஒருபோதும் எட்டாது, ஆகவே கம்ப்ரசர் ஓரிரவும் நின்றதில்லை. தங்கை வீட்டின் இன்வெர்ட்டர் ஏர்கோன், கிழக்கு பார்த்த அறையில் 25 பாகையில் ஓடி, ஓரிரவுக்கு மூன்றரை அலகை ஒட்டியே இழுக்கிறது.

அம்மா குற்றம் சாட்டிய ஹீட்டர் 3.6 கிலோவாட். அந்த எண்ணைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். ஆனால் எல்லாரும் வெந்நீரில் குளிக்கும் மொத்த நேரம் நாளுக்கு 25 நிமிடம், அதற்கு ஒன்றரை அலகு. லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) தோட்டத்து இஞ்சின் (ஜெனரேட்டர்) மாலையில் சில மணி நேரம் மட்டும் மின்சாரம் கொடுத்த காலத்தில் வளர்ந்தவர்களுக்கு, சூடேறும் பொருள் எதுவானாலும் அதுவே பெரும் செலவாளி என்ற எண்ணம் எளிதில் போகாது. வாட் அளவோடு ஓடும் நேரத்தையும் பெருக்க வேண்டும் என்று நான் சொன்னதை அம்மா கேட்டுக்கொண்டார், ஏற்றுக்கொண்டாரா என்பது வேறு விஷயம். மின்விசிறி, விளக்கு, சலவை இயந்திரம், இஸ்திரிப் பெட்டி, சோற்றைச் சூடாகவே வைத்திருக்கும் சட்டி எல்லாம் சேர்ந்து ஆறு அலகுக்குச் சற்று மேல். அவற்றில் கை வைக்க எதுவுமில்லை.

உறைபெட்டியை நிழலான முன்பக்கச் சுவரோரம் மாற்றி, பின்னால் ஒரு சாண் இடைவெளி விட்டு, ரப்பர்ப் பட்டையைப் புதிதாகப் போட்டதில் அது 2.2 அலகாகக் குறைந்தது. ஏர்கோனை முழுதாகக் கழற்றிக் கழுவி, கதவின் கீழிடுக்கை அடைத்து, 25 பாகையில் வைத்து மின்விசிறியையும் மெதுவாக ஓடவிட்டு, விடியற்காலை நான்கு மணிக்குத் தானாக அணையும்படி வைத்தோம். இதற்குப் பிள்ளைகளிடம் எழுந்த எதிர்ப்பு ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்கவில்லை. 6.8 அலகு 4.2 ஆனது. வாசலுக்கு 9 வாட் எல்இடி விளக்கு.

இப்போது எங்கள் வீடு மாதம் 520 அலகை ஒட்டி நிற்கிறது. அந்த அளவுக்கு ஊக்கத்தொகை 10.5 சென், சில்லறைக் கட்டணம் இல்லை, எரிபொருள் சரிக்கட்டலும் இல்லை. ஆக மொத்தம் 176.44 ரிங்கிட். அலகு குறைந்தது 17 விழுக்காடு, பணம் குறைந்தது 27 விழுக்காடு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான கொளுத்தும் மாதங்களிலும், விருந்தாளிகளும் பலகார அடுப்பும் நிறைந்த தீபாவளி மாதத்திலும் இது ஏறும் என்று எதிர்பார்த்து, அந்த மாதங்களில் நாளுக்கு 20 அலகைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள மீட்டர் எண்ணை வாரந்தோறும் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய தாளில் குறித்து வருகிறோம்.

நேரத்துக்கேற்ப மாறும் கட்டணத் திட்டத்தையும் விசாரித்தேன். வார நாள்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை கட்டணம் கூடுதலாகவும் மற்ற நேரங்களில் குறைவாகவும் இருக்கும் அது, பகலில் வீடு பூட்டிக் கிடக்கும் தங்கை குடும்பத்துக்கு ஒருவேளை பொருந்தலாம். மாவு அரைப்பதும் சமையலும் பிள்ளைகளின் பாடமும் அந்த எட்டு மணி நேரத்துக்குள்ளேயே நடக்கும் எங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

இனி எஞ்சியிருப்பது அந்தப் பழைய குளிர்பதனப் பெட்டி. ஆண்டுக்கு அது 870 அலகுக்கு மேல் இழுக்கிறது. கடையில் எரிசக்தி ஆணையத்தின் ஐந்து நட்சத்திர முத்திரை ஒட்டிய அதே கொள்ளளவுப் பெட்டிகளில் அச்சிட்டிருக்கும் ஆண்டுப் பயன்பாடு அதில் பாதிக்கும் குறைவு. மாதம் 40 அலகு குறைந்தால் நாங்கள் 480-க்கு இறங்கி, 12 சென் ஊக்கத்தொகைக்குள் வந்து, 155.66 ரிங்கிட் கட்டுவோம். மாதம் 21 ரிங்கிட் மிச்சம் என்ற அந்தக் கணக்கை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு, நல்ல நிலையில் ஓடும் பெட்டியை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்கும் அம்மாவோடு இப்போது பேசிக்கொண்டிருக்கிறேன்.